பட்டுவாடா

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் தெருவில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "பட்டுவாடா ஆயிட்டா?" சங்கரன்கோவிலில் கைத்தறி வைத்திருந்த வீடுகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி அன்றைக்கு இருக்காது. அந்த வாரம் நெய்து கொடுத்த சேலைகளுக்கு முதலாளி கூலி எண்ணிக் கொடுப்பதற்குப் பெயர் பட்டுவாடா. பட்டுக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். நாங்கள் நெய்ததென்னவோ பருத்தி.

அப்பாவோடு நானும் போவேன். கூலி நோட்டில் அப்பா பெயர் இருக்கும். சேலைக்கு இவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தம் இவ்வளவு, மீதி இவ்வளவு, கீழே அப்பாவின் கையெழுத்து. அம்மா அந்த நோட்டில் எங்கேயும் கிடையாது. விடியுமுன் எழுந்து ராட்டையில் தார் சுற்றுகிறவள் அவள்தான். ஒரு சேலைக்கு எத்தனை தார் வேண்டும் என்பது அவளுக்கு மனக்கணக்கு. தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் சேலை இல்லை. ஆனால் கூலி சேலைக்குத்தான். தாருக்கென்று ஒரு வரி யாரும் எழுதியதில்லை.

அப்பா குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பணத்தைக் கோமதியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார். பிறகு பலசரக்குக்கு, பாலுக்கு, வாடகைக்கு என்று பிரித்து அம்மா கையில் எண்ணிக் கொடுப்பார். அது வீட்டுக்குள் நடக்கும் இரண்டாவது பட்டுவாடா. ஆடித்தபசுக்கு வளையல் வாங்க வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். அம்மா வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏட்டி, நீ போய் அப்பாட்ட கேளு" என்பாள்.

கல்லூரியில் தொல்காப்பியம் படித்தபோது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே பொருள் அல்லவாம். கேட்பவர் தாழ்ந்தவரானால் ஈ, சமமானவரானால் தா, உயர்ந்தவரானால் கொடு. கேட்பவர் நிற்கும் படியைப் பார்த்துச் சொல் மாறுகிறது. என் அம்மா எந்தப் படியில் நின்றாள்? அவள் கேட்கவே இல்லையே, அப்படியானால் அவளுக்கு எந்தச் சொல்?

பட்டுவாடா வடக்கிலிருந்து நிர்வாகத்தோடு வந்த சொல். இந்தியில் அதன் உறவான 'பட்வாரா' பங்கு பிரிப்பதைக் குறிக்கும். 1947 நாட்டுப் பிரிவினைக்கும் அங்கே அந்தச் சொல்தான். பாகம் பிரித்தல் என்றால் பங்குக்காரருக்கு உரிமை உண்டு. தமிழுக்கு வந்தபோது அந்தப் பங்கு வழியில் எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது. சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா என்கிறோம். கொடுக்கிறவர் கைதான் அதில் தெரிகிறது. வாங்குகிறவர் வரிசையில் நிற்கிறார்.

இப்போது அந்தச் சொல்லைச் செய்தித்தாளில் பார்ப்பது பெரும்பாலும் தேர்தல் காலத்தில்தான். 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது பணப் பட்டுவாடா புகாரால்தான். எங்கள் வீட்டுக்கும் ஒரு தேர்தலில் ராத்திரி ஆள் வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. வாசலில் நின்று, "எத்தனை ஓட்டு?" என்று கேட்டார்கள். "மூணு" என்றார் அப்பா. மூன்று பேருக்கும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாங்கியது தப்பு என்று நான் சத்தம் போட்டேன். அம்மா வேறொன்று சொன்னாள். "தலைக்கு இவ்வளவுன்னு என்னையும் ஒரு ஆளா எண்ணினது இன்னைக்குத்தாம்ட்டி." எனக்கு மேலே பேச வாய் வரவில்லை. அவள் தலைக்கு வந்த பணமும் அப்பா சட்டைப்பையில்தான் இருந்தது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே விழும். இந்தக் காலத்தில் அது பெரிய தொகை இல்லை. தார் சுற்றிய அத்தனை வருஷத்துக்கு அது கூலியும் ஆகாது. எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை என்ற குறையும் நியாயமானதுதான். ஆனால் உதவி, சலுகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தார்களே, அதில் எனக்கு ஒரு திருப்தி.

செல்போனில் வந்த குறுஞ்செய்தியை அம்மா என்னிடம் நீட்டினாள். வாசித்துக் காட்டினேன். கணக்கு யார் பெயரில் என்று கேட்டாள். உன் பெயரில்தான் என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

தறி போய் வருஷங்களாகிவிட்டன. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி திண்ணையில் இருந்தபடி கேட்கிறார். "என்ன, பட்டுவாடா ஆயிட்டா?"

"எனக்கு வந்துட்டு" என்கிறாள் அம்மா, அடுக்களையிலிருந்து.