பரங்கியும் பூசணியும்

காய்கறியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று இம்மலரைக் கையில் எடுத்த அன்பர்கள் வியக்கக்கூடும். காவிரியைப் பற்றி எழுதலாம், கல்லணையைப் பற்றி எழுதலாம். பரங்கிக்காயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களில் நெடுநாள் நிலைத்து நிற்பது அடுக்களைதான் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளைகளின் பேச்சில் பிறமொழி கலந்த பின்னரும் குழம்பில் ஊர் மணம் மாறுவதில்லை. எனவே அடுக்களையிலிருந்து தொடங்குவது தவறாகாது.

ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று பருவங்களை வகுத்தனர் நம் முன்னோர். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய பூசணி, பரங்கி விதைகள் கொடியாகிப் படர்ந்து, இவ்விரு பருவங்களும் சந்திக்கும் வேளையில் முற்றிய காய்களைத் தருகின்றன. நான் குடியிருக்கும் ஹெப்பகோடி, பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள ஊர். அருகிலேயே பொம்மசந்திரத் தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் எங்கள் ஊரைத் தொட்டுச் செல்கிறது. மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நான் நாள்தோறும் நகரத்துக்குச் சென்று மீள்கிறேன். நவராத்திரி நெருங்கும்போது சாலையோரங்களில் பூசணிகள் மலைபோல் குவிந்திருப்பதைக் காண்பது எனக்கு ஆண்டுதோறும் கிட்டும் காட்சி.

இக்காயின் பெயரைப் பற்றி எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நான் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவன். எனக்கு அது பரங்கிக்காய். என் மனைவி ஈரோட்டுக்காரி. அவளுக்கு அது அரசாணிக்காய். சென்னையிலிருந்து வந்த நண்பர் மஞ்சள் பூசணி என்பார். தென் மாவட்டத்து அன்பர் சர்க்கரைப் பூசணி என்பார். ஹெப்பகோடியிலேயே பிறந்து வளர்ந்த என் மகளோ இவை ஒன்றையும் ஏற்காமல் ‘சிஹி கும்பளகாயி’ என்று தீர்ப்பளித்துவிடுவாள்.

பெயர்களுள் பரங்கி என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பியரை அராபியரும் பாரசீகரும் அழைத்த சொல்லே திரிந்து, தமிழில் பரங்கி என்றாயிற்று. பரங்கிமலையும் பரங்கிப்பேட்டையும் அச்சொல்லைத் தாங்கி நிற்கும் ஊர்கள். பரங்கிக் கொடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் குகை ஒன்றில் கிடைத்த, இவ்வினத்தைச் சேர்ந்த விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின்னர், போர்த்துக்கீசியரின் கப்பல் வழியே மிளகாயைப் போல இதுவும் நம் நாட்டை அடைந்தது. வெண்பூசணியோ ஆசிய மண்ணுக்கே உரியது. நெடுங்காலமாக இங்கே வேரூன்றியது.

வந்தேறிய காய் என்பதைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் பரங்கிக்காய், இன்று பொங்கல் குழம்பில் அவரையுடனும் மொச்சையுடனும் உரிமையோடு அமர்ந்திருக்கிறது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மீது பூவாகச் சிரிக்கிறது. அயலான் என்று அதனை யாரும் அடுக்களை வாயிலில் நிறுத்துவதில்லை.

சமைக்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறுபடும். என் தாயார் பிஞ்சுப் பரங்கியைப் பாலில் வேகவைத்துச் சிறிது சர்க்கரை சேர்த்துப் பால் கூட்டு செய்வார். முற்றிய காயானால் புளிக்குழம்பு. என் மனைவி தோலைச் சீவாமல் பெரிய துண்டங்களாக நறுக்கி, கடுகும் வற்றல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, ஒரு கை நீர் தெளித்து மூடிவிடுவாள். குழையாமல் வெந்ததும் தேங்காய்த் துருவல் தூவி இறக்குவாள். கன்னட வீடுகளில் இதனையே பல்யா என்கிறார்கள். வெண்பூசணிக்கு நம் வீடுகளில் மோர்க்குழம்பு. இங்கே ‘மஜ்ஜிகெ ஹுளி’. மஜ்ஜிகெ என்றால் மோர், ஹுளி என்றால் புளிப்பு. ஊறவைத்த பருப்பு, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் ஆகியவற்றை அரைத்துவிடும் முறையும் ஏறக்குறைய ஒன்றே.

இக்காய்க்கு இன்னொரு இயல்பும் உண்டு. காம்பு முறியாத முற்றிய பரங்கியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் கத்தி பட்டுவிட்டால் சில நாள்களே தாங்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு முழுக்காயைத் தீர்ப்பது எளிதன்று. ஆதலால் அறுத்தவர் எவரும் அதைப் பகிர்ந்தே ஆகவேண்டும்.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாளை இம்மலரைப் படிப்போருள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. அதே நாளில் சென்னையில் கன்னடர் நடத்தும் உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் நின்றன. மறுநாள் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டினுள்ளேயே இருந்தோம். அப்போது ஆறு வயதான என் மகள் வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தாள். “மெதுவாகப் பேசு கண்ணு, வெளியே கேட்கும்” என்றாள் என் மனைவி. குழந்தையிடம் அதற்குக் காரணம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை.

பிற்பகலில் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டி, என் மகள் ‘அஜ்ஜி’ என்று அழைப்பவர், அறுத்த பரங்கிக்காயின் ஒரு பாதியை முறத்தில் ஏந்தி நின்றார். “ஊட்ட ஆய்தா?” என்றார். சாப்பாடு ஆயிற்றா என்பது பொருள். கன்னட நாட்டில் நாள்தோறும் கேட்கப்படும் நலம் விசாரிப்புதான். அன்று அது என் காதில் வேறாக ஒலித்தது. கடைகள் திறக்கவில்லை, வீட்டில் காய் இருக்காது என்று கொண்டுவந்ததாகச் சொன்னார். கலவரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

என் மனைவி அதில் பொரியலும் புளிக்குழம்பும் செய்து ஒரு பாத்திரத்தில் கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாகாது என்னும் வழக்கம் இரு மொழியாருக்கும் பொது அன்றோ? மறுநாள் அது ஹுளியுடன் வந்தது. இவ்வாறே மூன்று நாள்கள் அப்பாத்திரம் இரு வாயில்களுக்கும் இடையே நடந்தது. நான்காம் நாள் என் மகள் பழையபடி உரக்கப் பாடினாள்; யாரும் அவளைத் தடுக்கவில்லை.

இனி வெண்பூசணிக்கு வருவோம். ஆயுத பூசையன்று அதைக் குடைந்து குங்குமம் நிரப்பி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, ஆலை வாயிலிலும் வண்டிகளின் முன்னும் உடைக்கிறோம். கண்ணேறு கழிய வேண்டும் என்னும் நம்பிக்கையில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் உடைத்ததை அப்படியே சாலையில் விட்டுச் செல்கிறோமே! அதன் 100 பங்கில் ஏறத்தாழ 96 பங்கு நீர். சிதறிய சதை வழுக்கி, இரு சக்கர வண்டியில் செல்வோர் விழுகின்றனர். எங்கள் தெருவில் சில ஆண்டுகளாக அனைவருக்கும் சேர்த்து ஒரு பூசணியை மட்டும் உடைத்து, துண்டங்களை உடனே வாரி அகற்றிவிடுகிறோம். வாங்கிய மற்றவை அன்றைய மஜ்ஜிகெ ஹுளிக்கும் காசி அல்வாவுக்கும் பயன்படுகின்றன. அல்வாவுக்குத் துருவித் தருவது எங்கள் வீட்டுப் பொறுப்பு.

இவ்வாண்டு ஐப்பசியில், காம்போடு கூடிய முற்றிய பரங்கி ஒன்றை வாங்கி வையுங்கள். தைப் பொங்கல்வரை அது காத்திருக்கும். தஞ்சைப் பெயரும் ஈரோட்டுப் பெயரும் கன்னடப் பெயரும் அதற்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அறுங்கள். ஒரு பாதியை நீங்கள் சமையுங்கள். மறுபாதி வாடுமுன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.