தட்டியதும் திறந்த கதவுகள்
பிரான்சில், லின்யோன் ஆற்றங்கரையில், சுமார் 1,000 மீட்டர் உயரப் பீடபூமியில் இருக்கிறது லெ ஷாம்போன் என்ற சிற்றூர். குளிர்காலத்தில் பனி கொட்டும்.

1685-ல் மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடைசெய்தார். இவ்வூர் முன்னோர்கள் ஒளிந்து ஒளிந்துதான் பிரார்த்தனை செய்தார்கள். அந்த வலியைப் பேரப்பிள்ளைகள் மறக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்கள் கதவைத் தட்டினார்கள். போதகர் ஆந்த்ரே த்ரொக்மே வழிகாட்ட, ஊரே அடைக்கலம் கொடுத்தது. பிள்ளைகள் பண்ணை வீடுகளில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படித்தார்கள். போலீஸ் வருகிறதென்றால் காட்டுக்குள் மறைந்துகொள்வார்கள்.

1943-ல் மாணவர் விடுதியில் சோதனை. மாணவர்களோடு பொறுப்பாளர் தனியேல் த்ரொக்மேயும் பிடிபட்டார். மறு வருடம் வதைமுகாமில் இறந்தார். அதன் பிறகும் ஊர் கதவடைக்கவில்லை.

1990-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அமைப்பு ஊர் மக்கள் அனைவரையும் கௌரவித்தது. பட்ட வலியை மறக்காததுதான் இந்த ஊரின் பரம்பரைச் சொத்து!