வெறும் ஷீட்டு

முதல்லயே சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல நான் கடைசியா முழுசா எழுதினது ஸ்கூல்லதான். "ஃபைனல் இயர் ஆயிட்ட, ஒரு கட்டுரையாவது எழுதிக் குடுத்துட்டுப் போடா"ன்னு எடிட்டர் நண்பன் ரெண்டு மாசமா துரத்தினதால எழுதறேன். ற, ர தப்பா இருந்தா அவனைக் கேளுங்க.

எங்க காலேஜ் பஸ் தினமும் சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் போகும். பாதிப் பேர் அங்கதான் ஏறுவாங்க. மீதிப் பேர் தூங்கிட்டு இருப்பாங்க. நான் மட்டும் அந்த இடத்துல எப்படியோ முழிச்சுக்குவேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. காரணத்தோட பேர் தாத்தா.

அம்மாவோட அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நாகப்பட்டினத்துல இருந்த பணிமனை 1928-ல பொன்மலைக்கு வந்ததுன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சர்வீஸ்ல இருந்தவரைக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்துல சின்னதா ஒரு வீடு கட்டினார். நான் பொறந்தது 2004. அவர் வேலை பார்த்து நான் பார்த்ததே இல்ல. "தாத்தா ரயில் எஞ்சின் செஞ்சவர்" அப்படின்னு அம்மா சொல்லுவாங்க. ஸ்கூல்ல அதைச் சொல்லி நான் நிறைய பந்தா பண்ணியிருக்கேன்.

கோடை லீவு வந்தா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு புரோகிராம் உண்டு. ஸ்ரீரங்கத்துல ஒண்ணாம் நம்பர் பஸ். ஜன்னல் சீட் எனக்கு. அம்மா மண்டபம் தாண்டி, மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலம். பாலத்துல ஏறினதும் மலைக்கோட்டை தெரியும். "இந்தப் பாலம் 1976-ல வந்தது, உங்க அம்மாவை விடப் பெரியது" என்பார். ஒவ்வொரு வாரமும் என்பார். அப்புறம் சத்திரம்.

பழைய சத்திரம் பஸ் ஸ்டாண்டு உங்கள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியல. மழை பெஞ்சா குளம். வெயில் அடிச்சா அடுப்பு. எந்த பஸ் எங்க நிக்கும்னு கண்டக்டருக்கே சந்தேகம் வரும். மல்லிப்பூ, வறுத்த கடலை, டீசல் புகை எல்லாம் கலந்து ஒரு வாசனை. தாத்தா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்குவார், கையைப் பிடிக்க மாட்டார். "கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது" என்பார். அவர் உள்ளங்கை சொரசொரன்னு இருக்கும். கட்டை விரல் நகம் ஒண்ணு பாதிதான் இருக்கும். ஏன்னு நான் கேட்டதே இல்ல.

அங்கிருந்து நடந்து போற தூரத்துல ஒரு மைதானத்துல லீவு நேரத்துல பொருட்காட்சி போடுவாங்க. டெல்லி அப்பளம், மரணக் கிணறு, ராட்டினம் எல்லாம் இருக்கும். ஆனா நாங்க போனது ரயிலுக்காக. தரையில முட்டை வடிவத்துல தண்டவாளம் போட்டு, அதுல ஒரு எஞ்சின், நாலு பெட்டி. எஞ்சினுக்குப் பச்சை பெயின்ட். உருண்டையான பாய்லர், மேல புகைக்கூண்டு, முன்னாடி ஒரு பெரிய விளக்கு. ஒரு டிக்கெட்டுக்கு அஞ்சு சுத்து. தாத்தா ஏற மாட்டார், வெளியே நிப்பார். ஒவ்வொரு சுத்துலயும் நான் அவரைத் தாண்டும்போது பச்சைக்கொடி காட்டுற மாதிரி துண்டை அசைப்பார். கடைசிச் சுத்துல துண்டு தோளுக்குப் போயிடும், ரெண்டு கையும் மேல போகும். அதுதான் சிவப்பு. வண்டி நிக்கும். அவர் காட்டுறதாலதான் வண்டி நிக்குதுன்னு ஏழு வயசு வரைக்கும் நம்பியிருக்கேன்.

திரும்பும்போது மெயின்கார்டுகேட் வரைக்கும் நடந்து மைக்கேல்ஸ்ல ஒரு ஐஸ்கிரீம். திருச்சிக்காரங்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

2015 லீவுல நாங்க போனப்ப ரயில் மாறியிருந்தது.

தண்டவாளம் இல்ல. வெறும் தரையில ஓடுற வண்டி. முன்னாடி இருந்தது ஒரு குட்டி டிராக்டர் மாதிரி, அதுக்கு மேல எஞ்சின் வடிவத்துல ஒரு மூடி. பெட்டிக்கெல்லாம் ரப்பர் டயரு. ஸ்பீக்கர்ல குக்கூன்னு சத்தம். எனக்கு அப்போ பதினோரு வயசு, ஆறாவது முடிச்சிருந்தேன், உலகத்துல எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாத வயசு. ஏறி உட்கார்ந்தேன். வண்டி வளைவுல திரும்பினப்போ கடைசிப் பெட்டி உள்பக்கமா வெட்டிட்டுப் போய் ஒரு பாப்கார்ன் கூடையைத் தட்டி விட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருந்தது. அழறதுக்குப் பதிலா கோபம் வந்தது.

இறங்கினதும் தாத்தாகிட்ட கத்தினேன். "இது ட்ரெயினே இல்ல தாத்தா. ஏமாத்துறாங்க. உள்ள டிராக்டர் எஞ்சின், மேல வெறும் ஷீட்டு. ஷீட்டு அடிச்சு வச்சா ட்ரெயின் ஆயிடுமா? இதை எந்த முட்டாளும் செய்வான்."

தாத்தா வண்டிகிட்ட போனார். பாய்லர் மாதிரி இருந்த அந்த மூடியை ஆள்காட்டி விரலை மடக்கி ரெண்டு தடவை தட்டினார். காதைச் சாய்ச்சுக் கேட்டார். "நல்ல ஷீட்டுதான் தம்பி. கேஜ் கொஞ்சம் கம்மி" என்றார். அவ்வளவுதான். காமெடி பண்றார்னு நினைச்சேன்.

அன்னைக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அன்னைக்கும் ஜன்னல் சீட் எனக்குத்தான். அடுத்த ஞாயிறு முட்டி வலிக்குதுன்னு சொன்னார். எனக்கும் அன்னைக்கு கிரிக்கெட் மேட்ச் இருந்தது, நல்லதாப் போச்சுன்னு ஓடிட்டேன். அதுக்கு அடுத்த வருஷம் நான் கேக்கல, அவரும் கூப்பிடல. எந்தச் சண்டையும் இல்லாம எங்க ஞாயித்துக்கிழமை நின்னு போச்சு.

2021 ஜனவரியில தாத்தா இறந்துட்டார். அந்தச் சமயத்துல சத்திரம் பஸ் ஸ்டாண்டே இல்ல. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல பழசை இடிச்சுட்டு, சுத்தி தகர ஷீட் அடிச்சு மறைச்சிருந்தாங்க. பஸ் எல்லாம் ரோட்டோரத்துல நின்னுச்சு. புது நிலையம் அந்த வருஷம் டிசம்பர் 30-ம் தேதிதான் திறந்தாங்க. அவர் அதைப் பார்க்கல.

அம்மாச்சிக்கு ஃபேமிலி பென்ஷன் மாத்தணும். வீட்டுல இங்கிலீஷ் ஃபார்ம் நிரப்புற வேலை எப்பவும் என் தலையிலதான் விழும். தாத்தாவோட பச்சை டிரங்குப் பெட்டியிலிருந்து சர்வீஸ் பேப்பரை எல்லாம் எடுத்து ஸ்கேன் பண்ணிட்டு இருந்தேன். பதவின்னு இருந்த இடத்துல டைப் அடிச்சிருந்தது: ஷீட் மெட்டல் ஒர்க்கர்.

நான் அதை ரெண்டு தடவை படிச்சேன். மாமாகிட்ட கேட்டேன். "ஆமாடா, அப்பா தகரப் பிரிவுதானே. நீராவி எஞ்சின் ஓவர்ஹால் வந்தா பாய்லர் மேல ஷீட்டு மடிச்சுப் போடுறது அப்பா வேலை. வளைவு அடிக்கிறதுல கில்லாடி. விரல் நகம் போனதும் அதுலதான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எஞ்சின் செஞ்சவர்னு மட்டும்தான் தெரியும்.

அதுக்கப்புறம் நான் மெக்கானிக்கல் எடுத்தேன். தாத்தாவுக்காகன்னு சொன்னா சினிமா மாதிரி இருக்கும், உண்மையில கட்-ஆஃப் அவ்வளவுதான் இருந்தது. மூணாவது வருஷம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர். மதியம் ரெண்டு மணி கிளாஸ், இன்சுலேஷன் சாப்டர், பாதி பெஞ்ச் தூங்குது. சார் உதாரணத்துக்கு நீராவி எஞ்சினைச் சொன்னார். மீட்டர் கேஜ்ல ஓடின ஒய்.பி. எஞ்சின்ல பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்துல உள்ள இருக்கிற நீராவி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். பாய்லரை அப்படியே திறந்து விட்டா வெப்பம் எல்லாம் காத்துல போயிடும், கரி வீணாகும். அதனால பாய்லரைச் சுத்தி வெப்பம் கடத்தாத ஒரு பொருளைப் போர்த்தி, அதுக்கு மேல மெல்லிசான ஷீட்டை மடிச்சு இறுக்குவாங்க. "நீங்க படத்துல பார்க்கிற அந்த அழகான உருண்டை பாய்லரே கிடையாது, அது மேல போட்ட ஷீட்டுதான்" என்று சொல்லிட்டு சார் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார்.

நான் போகல. பொருட்காட்சி வண்டியைப் பார்த்து எதைப் பொய்னு சொன்னேனோ, அதேதான் நிஜ எஞ்சின்லயும் வெளியே தெரியுது. குழந்தைங்க எஞ்சின் வரைஞ்சா வரையறதும் அந்த ஷீட்டைத்தான். அதை முப்பது வருஷத்துக்கு மேல அடிச்ச மனுஷன்கிட்டதான் நான் "எந்த முட்டாளும் செய்வான்"னு சொன்னேன்.

அன்னைலேருந்து இந்த விஷயமா கிடைக்கிறதை எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். 2020 நவம்பர்ல திருவனந்தபுரம் வேளியில ஒரு குட்டி ரயில் திறந்தாங்க. ரெண்டரை கிலோமீட்டர் பாதை, ஓடுறது சூரிய மின்சாரத்துல. ஆனா உருவம் பழைய நீராவி எஞ்சின், செயற்கையா புகை வேற விடுது. நம்ம பொன்மலையே 2011-லேருந்து ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில எரியுற நீராவி எஞ்சின்களைப் புதுசா செஞ்சு கொடுத்தது. அப்புறம் 2021-ல கரியில எரியுற எஞ்சினையும் செஞ்சது. ஜனங்க அந்தப் பழைய உருவத்தை விட மாட்டேங்கறாங்க. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து அந்த வளைவை இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கார்.

அந்த டயர் வண்டி மேல எனக்கு இருந்த கோபமும் இப்போ குறைஞ்சிருக்கு. தண்டவாளத்துல சக்கரம் லேசா கூம்பு வடிவத்துல இருக்கும், இருபதுக்கு ஒண்ணுன்னு சரிவு, அதனால வளைவுல தானாவே பாதையைப் பிடிச்சுக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே கோட்டுல போகும். டயர் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டும் திரும்புற மாதிரி இணைப்பு வச்சாத்தான் கடைசிப் பெட்டி உள்ள வெட்டாம போகும். தண்டவாளத்தை ஊர் ஊரா பிரிச்சு மாட்டுறது எவ்வளவு செலவு, எத்தனை ஆள் வேலைன்னும் இப்போ புரியுது. அந்த மனுஷங்களும் பொழைக்கணும்.

போன மாசம் மாமா பையனைக் கூட்டிட்டுக் கிளம்பினேன். அஞ்சு வயசு. ஸ்ரீரங்கத்துல ஏறி சத்திரத்துல இறங்கினோம். புது நிலையம் சுத்தமாத்தான் இருக்கு, குறை சொல்ல முடியாது. பஸ் நிக்கிற இடம் எல்லாம் போர்டு போட்டிருக்கு. மழை பெஞ்சா நனைய வேண்டாம். ஆனா எந்தத் தூண் பக்கத்துல தாத்தா நின்னு சில்லறை எண்ணுவார்னு என்னால கண்டுபிடிக்க முடியல. நான் பையனோட மணிக்கட்டைப் பிடிச்சிருந்தேன்னு பாதி வழியிலதான் கவனிச்சேன்.

அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிச்சு ஜங்ஷன் பக்கம் இருக்கிற ரயில்வே அருங்காட்சியகம் போனோம். 2014 பிப்ரவரியில திறந்தது. பத்து வயசுல எனக்கு அது ஒரு மணி நேரத்துல போகக்கூடிய இடமா இருந்தும், தாத்தா "போலாமா"ன்னு கேட்டப்ப பழைய மணி, பழைய கடிகாரம்லாம் யார் பார்ப்பான்னு வேணாம்னுட்டேன். பையனுக்கும் மணி, கடிகாரத்துல எல்லாம் பெரிய ஆர்வம் இல்ல. வெளியே நிக்கிற பழைய நீராவி எஞ்சினைப் பார்த்ததும் ஓடினான்.

"அண்ணா, இது நிஜ ட்ரெயினா?"

"நிஜம்தான்டா."

யாரும் பார்க்காத நேரமா விரலை மடக்கி அதோட பக்கத்துல ரெண்டு தட்டு தட்டினேன். தாத்தா மாதிரி காதைச் சாய்ச்சேன். சத்தத்தை வச்சு கேஜ் சொல்ற அளவுக்கு எனக்கு எந்த செமஸ்டர்லயும் யாரும் சொல்லித் தரல. பையனும் வந்து தட்டினான். "டொய்ங்னுது" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாச்சிகிட்ட முதல் தடவையா முழுக் கதையும் சொன்னேன். பொருட்காட்சி, டயர் வண்டி, நான் கத்தினது எல்லாம். அம்மாச்சிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. "அன்னைக்கு வந்ததும் வராததுமா, 'பய ஷீட்டைக் கண்டுபிடிச்சுட்டான்டி'ன்னாரு" என்றார்.

"சிரிச்சுக்கிட்டு சொன்னாரா, வருத்தமா சொன்னாரா அம்மாச்சி?"

அம்மாச்சி ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "நான் அடுப்படியில இருந்தேன் தம்பி. குரல்தான் கேட்டுச்சு, மூஞ்சியைப் பார்க்கலை" என்றாங்க.

ஜூன்ல நான் வேலைக்கு ஓசூர் போறேன். கார் பாடி செய்யுற கம்பெனி. ஆஃபர் லெட்டர்ல என்ன டிபார்ட்மென்ட்னு அம்மாச்சி கேட்டாங்க. பிரஸ் ஷாப்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியல.

"ஷீட்டு அடிக்கிற வேலை அம்மாச்சி" என்றேன்.