மாலத்தீவில் எங்கே தங்குவது

அன்புள்ள மீனா,

நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் அத்தை எல்லோரும் மே மாத லீவுக்கு இங்கே வரப்போவதாக எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் குவார்ட்டர்ஸில் தங்க வைக்கத்தான் ஆசை. ஆனால் ஒற்றை அறையை இன்னொரு டீச்சரோடு பகிர்ந்துகொண்டிருக்கிறேன். அதோடு இந்தத் தீவு மாலேயிலிருந்து வெகு தெற்கே இருக்கிறது. நானே லீவு போட்டு உங்களிடம் வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை அனுப்பிய ரிசார்ட் படத்தைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் தூண் ஊன்றிக் கட்டிய மர வில்லா, வாசலிலிருந்து நேரே கடலுக்குள் இறங்கும் ஏணி. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்களே, அதைக் கவனித்தாரா? ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், மற்றது 17 சதவீத சுற்றுலா வரி. பசுமை வரி வேறு, ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். ஏர்போர்ட்டிலிருந்து தீவுக்குக் கொண்டுபோய் விடும் செலவும் பெரும்பாலும் தனிக் கணக்குதான். தூரத்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டியிருக்கும்; அதற்கே ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால் அன்று ராத்திரி மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் இந்த நாட்டு ஏற்பாடு. ஆள் குடியில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும். 1972ல் மாலேக்குப் பக்கத்தில் குரும்பா ரிசார்ட் தொடங்கிய காலத்திலிருந்து இதே முறைதான். அதனால் ‘சாப்பாடு விலை கூடுதலாக இருக்கிறதே, வெளியே போய் ஒரு தோசை தின்றுவிட்டு வருவோம்’ என்று கிளம்ப முடியாது. வெளியே என்றால் கடல்தான். காலை உணவு மட்டும் சேர்ந்த அறையை மலிவென்று எடுப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டு பில்லைப் பார்த்து முழிப்பார்கள். ரிசார்ட் என்றே முடிவானால் மூன்று வேளையும் சேர்ந்த கட்டணமாகப் பார்த்து எடுங்கள்.

தண்ணீர் மேல் இருக்கும் வில்லா உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நாலு வயதுக் குட்டி ஓடி விளையாடும் வீட்டில் சுற்றிலும் கடல் இருந்தால் உனக்குத் தூக்கம் வராது. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பல ரிசார்ட்டுகளே அதைக் கொடுப்பதில்லை. முட்டி வலி உள்ள உன் அத்தை அந்த நீளமான மரப்பாலத்தில் எத்தனை தடவைதான் நடப்பார்கள்?

என் யோசனை வேறு. ஊர்த்தீவில் கெஸ்ட்ஹவுஸில் தங்குங்கள். மக்கள் குடியிருக்கும் தீவுகளில் விடுதி நடத்தும் வழி நஷீத் அதிபராக இருந்த காலத்தில்தான் திறந்தது. அதுவரை விருந்தாளி என்றால் பெரும்பாலும் பணக்கார வெள்ளைக்காரர்தான். லாபமும் பெரிய முதலாளிகளுக்கே போகும். இப்போது நம்மைப் போன்ற சம்பளக்காரர்களும் வந்து போக முடிகிறது. 50 அறைக்கு மேற்படாத கெஸ்ட்ஹவுஸில் பசுமை வரியும் பாதி, 6 டாலர்தான்.

எல்லோரும் மாஃபுஷி தீவுக்குத்தான் போகச் சொல்வார்கள். மாலேயிலிருந்து ஸ்பீடுபோட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், வசதியும் உண்டு. ஆனால் மாடி மேல் மாடி கட்டி, குற்றாலச் சீசன் மாதிரி கூட்டம். அதற்குப் பக்கத்திலேயே குல்ஹி என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. நல்ல மணல், அமைதி. எனக்குப் பிடித்தது அதுதான். சாயங்காலம் தெருவோரத்தில் ‘ஜோலி’ என்கிற கயிற்று வலை நாற்காலிகளில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உன் அத்தைக்கும் ஒரு இடம் கொடுப்பார்கள், பாரேன்.

காலையில் மஸ் ஹுனி தருவார்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவது. நம் தூத்துக்குடி வீட்டில் அம்மா இடிக்கும் மாசிக் கருவாடு இந்த ஊர்ச் சரக்குதானே, உனக்கு ருசி புதிதாக இராது. காய்கறிதான் பெரும்பாலும் படகில் வர வேண்டும். அத்தை சைவம் சாப்பிடும் நாட்களை விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஊர்த்தீவில் மது கிடையாது. மாப்பிள்ளைக்கு அதனால் கஷ்டமில்லை என்று நினைக்கிறேன்! நீச்சலுடையில் குளிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். நீ சுடிதாரோடு எந்தப் பக்கமும் இறங்கலாம். அத்தை பூஜைக்கு வைத்திருக்கும் சின்னப் பிள்ளையாரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர இங்கே தடை.

சஃபாரி போட் என்று படகிலேயே தங்கும் ஏற்பாடும் உண்டு. அது கடலுக்கடியில் டைவ் அடிக்கிறவர்களுக்கு. குட்டியை வைத்துக்கொண்டு நமக்கு எதற்கு?

ரிசார்ட்டைப் பார்க்காமல் திரும்ப மாப்பிள்ளைக்கு மனசு வராது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரு நாள் கட்டணம் கட்டி, காலையில் படகில் போய், அங்கேயே சாப்பிட்டு, நீச்சல்குளம் கடற்கரை எல்லாம் அனுபவித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம். படம் எடுத்துக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

நம்மவர்களுக்கு விசா இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். தங்குமிடத்தை உறுதிசெய்த சீட்டைக் கேட்பார்கள், அதனால் அறையை முன்னதாகவே போட்டாக வேண்டும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் வந்து இறங்கும் கிழமையும் நேரமும் எனக்கு எழுது. வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை, படகு குறைவு. அன்றைக்கு மட்டும் டிக்கெட் எடுக்காதே.

அன்புடன்,
அக்கா