கத்தரிக்கு அஞ்சாத கம்பளி

ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலை லெர்விக். ஷெட்லாந்து தீவுகளின் தலைநகர். இங்கே மரம் அரிது. காற்று ஓய்வது அதைவிட அரிது. ஜனத்தொகை சுமார் 23 ஆயிரம். செம்மறி ஆடுகள் அதைப்போலப் பல மடங்கு. பழைய பாணி ஸ்வெட்டர் பிரியர்களுக்கு இது புண்ணியத் தலம்.

காரணம், இத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவு. அதன் பெயரைத் தாங்கிய ஸ்வெட்டரை 1922இல் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர், பின்னாளைய எட்டாம் எட்வர்ட், கோல்ஃப் மைதானத்துக்கு அணிந்து வந்தார். அது உடனே நாகரிகமாயிற்று. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்கும் ஷெட்லாந்தின் வோ கிராமத்திலிருந்து ஸ்வெட்டர்கள் போயின.

ஃபேர் ஐல் ஸ்வெட்டரில் எட்டுப் பத்து நிறங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் எந்த வரிசையை எடுத்தாலும் இரண்டே நிறங்கள்தான். ஒரு நூல் முன்னால் பூப்போடும்போது மற்றது பின்பக்கம் ஓடுகிறது. அதனால் துணி இரட்டைக் கனம், கதகதப்பும் அதிகம்.

டில்லிப் பூங்காக்களில் குளிர்கால வெயிலில் பின்னும் பெண்கள் முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகப் பின்னித் தைப்பார்கள். ஷெட்லாந்துப் பெண் திறப்பே இல்லாமல், குழாய் போல, வட்டமாகப் பின்னிக்கொண்டே போகிறார். கை வரவேண்டிய இடத்தில் சில கண்ணிகள் கூடுதல். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்த இடத்தை நேராக வெட்டிவிடுகிறார்! பார்ப்பவருக்குத்தான் பதைப்பு. உள்ளூர் ரோமம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பின்னல் பிரியாது. வெட்டிய விளிம்பில் கண்ணிகளை எடுத்துக் கையைப் பின்னுகிறார். முடிந்ததும் நனைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் வடிவம் நிற்கும்.

இடுப்பில் ஒரு தோல் பெல்ட். அதில் குதிரைமுடி அடைத்த, துளைகளிட்ட ஒரு பட்டை. ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் கை வேகமெடுக்கும். அந்தக் காலப் பெண்கள் முதுகில் எரிபொருள் கூடையைச் சுமந்து நடந்தபடியே பின்னினார்கள்.

அத்தனை உழைப்புக்கும் கிடைத்தது பெரும்பாலும் காசல்ல, தேயிலையும் துணியும். பின்னியதை வாங்கிய வியாபாரியே அவற்றைத் தன் கடையிலிருந்து அளந்தார். 1872இல் அரசாங்க விசாரணைக் குழு இதைப் பதிவு செய்தது. இன்று ரொக்கம் கிடைக்கிறது. ஆனால் ஒரு ஸ்வெட்டர் நாள்கணக்கில் கையைக் கட்டிப்போடுகிறது. மணிக்கணக்கில் கூலி போட்டால் எந்தக் கடையிலும் விலை போகாது.

2010இல் இங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. உலகெங்கிலுமிருந்து பின்னல் ஆர்வலர்களை இழுக்கும் கம்பளி வாரம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. செலவைக் குறைக்க, ஆரம்பப் பள்ளிகளின் பின்னல் வகுப்புக்கு உள்ளூர் நிர்வாகம் மூடுவிழா நடத்தியதும் அதே ஆண்டுதான். பின்னர் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்க முன்வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கப்பலேறி வந்து கற்கும் வித்தை, உள்ளூர்க் குழந்தைக்குக் கிடைப்பது இப்போது அவர்கள் கையில்.