கடற்கரையோரம் – 4: ஏழு கோயில், பன்னிரண்டு தீவு

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். மலை கண்ணில் பட்டதும் பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த மலையில் ஒருகல் மண்டபம் என்று ஒரு பல்லவர் குடைவரை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை அங்கே கல்லில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்ய வந்தவர்கள். கோயில் சுவரில் பெயரெழுதும் நம் பையன்களை இனி அவ்வளவு திட்டவேண்டாம் என்று தோன்றியது.

சதுரங்கப்பட்டினம் ஐரோப்பியர் வாயில் சத்ராஸ் ஆனது. செங்கல்பட்டு சிங்கிள்புட் ஆனது. இவை வாய்க்கு வராமல் சிதைந்த பெயர்கள். மாமல்லபுரம் விஷயம் வேறு. அதற்கு மாலுமிகள் தாங்களே புதுப்பெயர் சூட்டினார்கள்: ஏழு பகோடா, அதாவது ஏழு கோயில். 1582இல் இந்தப் பக்கம் கப்பலில் போன காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகை வியாபாரி ‘சீனர்களின் ஏழு பகோடா’ என்றே எழுதிவைத்தார். பல்லவன் கட்டியதைச் சீனன் கணக்கில் எழுதியது தனி வேடிக்கை. 1788இல் வில்லியம் சேம்பர்ஸ் ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, மாலுமிகள் இந்த ஊரை ஏழு பகோடா என்று அழைப்பதாகச் சொல்கிறார். கடலுக்குள் செப்புத் தகடு போர்த்திய கோயில் உச்சிகள் காலை வெயிலில் மின்னியதை உள்ளூர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்ற கதையையும் அவர்தான் அச்சிலேற்றினார். அன்று தொடங்கியதுதான், கரையில் நிற்கும் கடற்கரைக் கோயில் போக மீதி ஆறு கோயில் எங்கே என்ற தேடல்.

கடற்கரைக் கோயிலின் வடக்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். நைலான் நூல் சுற்றிய ஊசி, அறுந்த கண்ணுக்குள் புகுந்து வந்து முடிச்சு விழும் வேகத்தைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது.

“ஐயா, கடல்லேர்ந்து பாத்தா ஏழு கோயில் தெரியுமா?”

“ஏழா? நாங்க எண்ணுனதில்ல சார். உள்ள போகப் போக மொதல்ல கடல்கோயிலு மறஞ்சிடும். அப்பறம் லைட்டௌஸு. கழுக்குன்ற மலை மட்டும் கடைசி வரிக்கும் நிக்கும். அத வச்சித் திரும்பி வருவோம்.”

எனக்கு இந்தப் பதில் போதுமாக இருந்தது. அவருக்கு இது வீடு திரும்பும் அடையாளம். எத்தனை என்பது எதற்கு? எண்ணுகிறவன் தூரத்தில் கப்பலில் போகிறவன். அவனுக்கு இந்த ஊர் பெயர் தெரியாது, இறங்கிக் கேட்கவும் நேரமில்லை. கண்ணில் பட்டதை ஒரு எண்ணாக்கி வரைபடத்தில் போட்டுவிடுகிறான்.

கிரேக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஏஜியன் கடலின் தென்கிழக்கில் டொடெகனீஸ் என்றொரு தீவுக்கூட்டம். டோடெகா என்றால் பன்னிரண்டு, நேசோஸ் என்றால் தீவு. ஆனால் பெரிய தீவுகளே பதினைந்துக்குக் குறையாது, சின்னத் தீவுகளோ நூற்றுக்கு மேல். போதாக்குறைக்கு, பைசாந்தியப் பேரரசின் காலத்தில் இந்தப் பெயர் மேற்கே உள்ள சைக்ளடீஸ் தீவுகளுக்கு வழங்கியது. பிறகு அது துருக்கி சுல்தான்களிடம் சலுகை பெற்றிருந்த சிறு தீவுகளுக்கு இடம்பெயர்ந்தது. பெரிய தீவுகளான ரோட்ஸும் கோஸும் அந்தச் சலுகைக் கணக்கில் இல்லை. 1912இல் இத்தாலி இந்தத் தீவுகளைப் பிடித்தபோது, ரோட்ஸும் சேர்ந்து பன்னிரண்டுக்குள் அடங்கிப்போனது. 1947 ஒப்பந்தப்படி தீவுகள் கிரேக்கத்துக்கு வந்தன. எண்ணை யாரும் திருத்தவில்லை. நம் இலட்சத்தீவில் இருப்பது வெறும் 36 தீவு, யார் கோபித்துக்கொண்டார்கள்?

அந்தக் கோஸ் தீவு நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி, அதற்குப் பக்கத்தில் அரிக்கமேடு. அங்கே கிடைத்த மதுச்சாடி உடைசல்களில் கோஸ் பாணிச் சாடிகள் நிறைய.

மாமல்லபுரத்தில் நாமே போட்ட எண்ணும் ஒன்று உண்டு. ஐந்து ரதம் என்கிறோம். அவை ரதமும் இல்லை, பாண்டவருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமும் இல்லை. தர்மராஜ ரதம் என்று வழிகாட்டி காட்டும் கோயிலின் மேல்தளக் கல்வெட்டு அதை ‘அத்யந்தகாம பல்லவேசுவரம்’ என்கிறது. அண்ணாந்து அதைப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. பீமன் பெயர் சொன்னால்தான் குழந்தைகள் நிற்கிறார்கள்.

ஊரின் சொந்தப் பெயர்களில் எண்ணே கிடையாது. திருமங்கையாழ்வாருக்கு இது கடல்மல்லை. கல்வெட்டுகளில் மாமல்லபுரம், முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரால். பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலையே ஒன்று என்பதா, மூன்று என்பதா? சிவனுக்கு இரண்டு சன்னதி, நடுவில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்.

கடலுக்குள் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2002இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் குழுவும் முக்குளித்துப் பார்த்து, கரைக்கு அப்பால் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களும் செதுக்கிய கற்களும் கண்டார்கள். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியபோது கல் வரிசைகளைப் பார்த்ததாகக் கரையிலிருந்தவர்கள் சொன்னார்கள். கல் இருக்கிறது, ஆறு கோபுரம் வரிசையாக நிற்கிறது என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

ஆனால் அதே சுனாமி நிஜமாகவே ஒரு கோயிலைக் கொடுத்தது, கடலிலிருந்து அல்ல, மணலிலிருந்து. வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மண்ணை அரித்ததும் ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்ட, முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம். வடக்குப் பார்த்த வாசல், எதிரே கல்லில் ஒரு வேல். செங்கல் ஒவ்வொன்றும் இன்றைய செங்கல்லைவிடப் பெரிது. நான் நின்ற நேரம் வேறு ஒரு ஆள் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் புலிக்குகை வாசலிலோ செல்ஃபிக் கூட்டம்.

கடற்கரைக் கோயிலில் நின்று கடலைப் பார்த்து ஆறு கோயிலைத் தேடுகிறவர்கள், மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இந்த ஒரு கோயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள். புலிக்குகையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே நடக்கவேண்டும். வெயிலுக்கு முன் போவது நல்லது. அடுத்த இதழில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை.