கூரை ஒழுகலை, அத்தான்!

விடியற்காலை நாலரை மணிக்கு என் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. கார்த்திகை மாசத்துப் புதுச்சேரி, மழை இல்லாமலா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அடுத்த சொட்டு காதில். மூன்றாவது சொட்டு என் சகதர்மிணியின் நெற்றியில் விழுந்ததும் அது பொதுப் பிரச்னையாகிவிட்டது.

"ஏண்டா, இத்தனை பணத்தைக் கொட்டிக் கட்டினியே, கூரை ஒழுகுதே!"

"கூரை ஒழுகலைக்கா! நானே நின்னு மூணு கோட் ஸீலண்ட் அடிச்சிருக்கேன்" என்றான் மச்சினன், ரோஷமாக.

விஷயம் இதுதான். ரிட்டயர் ஆனதும் பி.எஃப். பணத்தில் பாதியைப் போட்டு ஒரு பழைய வேனை வாங்கி, அதையே வீடாக்கிவிட்டான். கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்க், பாத்ரூம், கூரையில் சோலார் எல்லாம் உண்டு. ஆறு மாசம் பெரியவன் வீடு, ஆறு மாசம் சின்னவன் வீடு என்று பெட்டி தூக்க வேண்டாம், இனி இதுதான் நம் வீடு என்று பெண்டாட்டியிடம் சத்தியமே செய்திருந்தான். முத்தியால்பேட்டையில் ஒரு நண்பரின் காலி மனையில் வண்டியை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முந்தின நாள்தான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கம் நனைந்து, பலகையில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். பூசணம்! மச்சினன் மனைவிக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, பெரியவன் வீட்டுக்கே போயிடலாம்னு அவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்."

மச்சினன் முகத்தை நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் கொத்தனார். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்கிறவர். டீ கிளாஸும் கையுமாக வந்து, கூரையை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"மழைத் தண்ணி இல்ல சார். உங்க மூச்சுத் தண்ணி."

கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மைதான். ராத்திரி தூக்கத்தில் மூச்சிலும் வேர்வையிலும் ஒரு ஆள் கால் லிட்டர் தண்ணீரையாவது காற்றில் விடுகிறான். நாலு பேருக்கு ஒரு லிட்டர்! போதாததற்கு, முந்தின ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இட்லி அவித்தோம். காஸ் எரிவதே ஒரு தண்ணீர்த் தொழிற்சாலை. ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி வரும். (மூடின வண்டிக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும் அபாயமும் உண்டு. இட்லியோடு தப்பித்தோம்!) மழைக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டோம். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 30 கிராம் நீராவி தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மழையில் நனைந்து குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் மிச்சம் என் மூக்கில் விழுந்தது.

"யூட்யூப்ல ஜெர்மன்காரன் ஹீட்டர் போடுன்னான் அத்தான்" என்றான் மச்சினன். புதுச்சேரியில் ஹீட்டரா! அவன் ஊரில் வெளியே காய்ந்த குளிர். கதவைத் திறந்தால் ஈரம் ஓடிவிடும். இங்கே வெளியிலேயே ஓதக்காற்று. ஏஸியைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தால், ஊர் ஈரமெல்லாம் விருந்தாளியாக உள்ளே வந்து உட்காரும்.

ஏஸியையே ராத்திரி முழுக்க ஓட்டினால்? பாட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. அதாவது 2,400 வாட்-மணி. ஏஸி 1,000 வாட் இழுக்கும். ஒன்பது மணிக்குப் போட்டால் பதினொன்றரைக்குள் தீபாராதனை! மழை நாளில் சோலாரும் கைவிரித்துவிடும். பாட்டரி முனைகளில் ஏற்கெனவே பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றின் உபயம்.

கொத்தனார் எங்களைத் தாம் வேலை செய்யும் வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் கட்டி 2021-ல் திறந்தது. "பராமரிப்பு இல்லேன்னா எதுவும் நிக்காது சார்" என்று சொல்லி நடையைக் கட்டினார்.

அந்த வீட்டில் ஒரு சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதில் உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. பக்கத்துச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. நனைந்திருந்தாலும் பொருக்குத் தட்டவில்லை.

"சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும். சிமெண்ட் வாயை மூடிக்கும். உள்ள போன தண்ணி எங்க போவும்?"

பிறகு மேலே காட்டினார். எட்டாத உயரத்தில் கூரை, ஜன்னலில் சாய்பலகைகள். மழை உள்ளே வராது, காற்று வரும். சாத்தின ஜன்னலும் பாதி திறந்த ஜன்னல்தான்! மச்சினன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று பூரா வேலை. பலகையை வினிகரில் துடைத்துக் காயவைத்தோம். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டு ரீப்பர் கட்டைகள் அடித்தோம். அடுப்பு வெளியே தார்ப்பாய்க்குக் கீழே போனது. ஈரத் துணிக்கு உள்ளே தடை. பாட்டரி முனைகளைச் சுரண்டி வாஸலின் தடவினோம். கூரையில் ஏற்கெனவே 30 வாட் விசிறி ஒன்று சும்மா இருந்தது. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினாலும் 240 வாட்-மணிதான். அது காற்றை வெளியே தள்ள, எதிர்க்கோடி ஜன்னலை நாலு விரல் திறந்து கொசுவலை அடித்து, மழை மறைக்க ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தான். நம்ம ஊர் சாய்பலகை!

"இன்னிக்கு ஒரு ராத்திரி பாக்கறேன்" என்றாள் அவள்.

மழை விடவில்லை. பழக்க தோஷம், நாலரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கையை நீட்டிக் கூரையைத் தொட்டேன். லேசாக ஜில்லென்று இருந்தது, சொட்டு இல்லை. மச்சினன் மனைவி இழுப்பில்லாமல் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சினன் மட்டும் இருட்டில் மீட்டர் முன்னால் குந்தியிருந்தான்.

"தூங்கலியாடா?"

"12.4 இருக்கு அத்தான்" என்றான், அவள் எழுந்துவிடாதபடி.